அந்த அரை

மணிக்கூண்டுக்குப் பின்னால் மாடியறை.
மென்பொருள்களுக்கு மதிப்புரை எழுதுவது என் தொழில்.
மயிலாடுதுறையில் சொன்னால் சிரிப்பார்கள்,
இதற்கெல்லாமா காசு என்று.
சொல்லுக்கு இத்தனை ரூபாய் என்று உண்டு.
நட்சத்திரத்துக்குத்தான் எதுவும் கிடையாது,
அது என் கையிலிருந்து இலவசம்.

கடைக்கணக்கு மென்பொருள் ஒன்று வந்தது,
ஓராண்டு உரிமம் அன்பளிப்பாக.
மூன்று நாள் பார்த்தேன்.
என் கடையில் ஐந்தே சரக்கு:
சோப்பு, பேனா, சோப்பு இரண்டு, பேனா இரண்டு,
கடைசியாக 'அஅஅ'.
வாடிக்கையாளர் இருவர். இருவரும் நானே.
கடன் சொல்லாத, பேரம் பேசாத ஆட்கள்,
பில் போடும்போது கரண்ட் போகாத கடை.

நாலரை நட்சத்திரம் கொடுத்தேன்.
ஐந்து என்றால் வாங்கிக்கொண்டு எழுதினான் என்பார்கள்.
நாலு என்றால் கம்பெனியிலிருந்து
மிக மரியாதையாக ஒரு போன் வரும்.
நாலரையில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆவணியில் ஒரு மத்தியானம்
படியேறி வந்தாள் தையல்நாயகி.
குத்தாலத்தில் உரக்கடை.
புடவைத் தலைப்பில் பொட்டாஷ் சிவப்பு.
தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"குறுவைக்கு உரம் கொடுத்தா
அறுப்புக்குத் தர்றேம்பாங்க.
கெடு தேதிங்கிற கட்டத்துல 'அறுப்பு'ன்னு போட்டேன்.
செல்லாதுங்குது.
அறுப்பு எந்தத் தேதின்னு அதுக்குத் தெரியணுமாம்.
எனக்கே தெரியாது, மேட்டூருக்கும் தெரியாது.
சும்மா விட்டேன். அதுவா முப்பது நாள்னு எடுத்துக்கிச்சு.

பதினெட்டாம் பெருக்கன்னிக்கு விடியக்காலம்
நாப்பத்திமூணு பேருக்கு, என் கடைப் பேர்ல,
'அன்புள்ள வாடிக்கையாளரே,
தங்கள் பாக்கி காலாவதியாகிவிட்டது.'
படித்துறையில பொண்டாட்டி புள்ளைங்களோட நிக்கிறாங்க,
ஒவ்வொருத்தர் சட்டப்பையிலயும் டிங்கு டிங்குங்குது.
வைரக்கண்ணு பதினோரு வருசமா எங்கிட்ட வாங்குறவரு.
இப்ப எதிர்க்கடையில நிக்கிறாரு, முகத்தத் திருப்பிக்கிட்டு."

செல்போனை நீட்டினாள்.
என் வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டிருந்தாள்:
'நினைவூட்டல் வசதி, இதன் மகுடம்.'

நான் பொய் எழுதவில்லை என்றேன்.
யாரிடமும் காசு வாங்கவில்லை என்றேன்.
இரண்டும் உண்மை. சொல்லும்போதே
உலராத நெல்லைத் தூற்றுவதுபோல்
எதுவும் பறக்காமல் காலடியில் விழுந்தது.
பார்த்ததைத்தான் எழுதினேன்.
பார்த்தது 'அஅஅ'.

சண்டைக்கு வந்தவள் இல்லை அவள்.
ஒரே ஒரு சந்தேகம் என்றாள்.

"அஞ்சு நட்சத்திரம் போட்டதெல்லாம் நான் நம்பல.
உங்களுதுல ஒரு அரை கொறஞ்சிருந்துச்சு.
இந்தாளு என்னவோ ஒரு கொறையப் பார்த்திருக்காரு,
தெரிஞ்ச கொறைன்னா சமாளிச்சிக்கலாம்னுதான் வாங்கினேன்.
ரெண்டு தடவ படிச்சேன், எங்கயும் எழுதலியே.
அந்த அரைய
எதுக்கு சார் கொறச்சீங்க?"

கீழே சிதம்பரம் பஸ் ஒன்று
ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
அது முழுவதும் போய்முடியும் வரை எனக்கு வேலை இருந்தது.
பிறகும் பதில் வரவில்லை.

தண்ணீரை எடுத்து இப்போது குடித்தாள்.
வேறு மென்பொருளுக்கு மாறலாமே என்றேன்.
"ஒரு வருசக் கணக்கும் உள்ள மாட்டிக்கிச்சு,
வெளிய எடுக்கத் தனிக் காசாம்.
அதையும் நீங்க எழுதல."

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"ஐப்பசில சம்பாவுக்கு யூரியா லோடு எறங்கும்.
மழை பெய்யும், கரண்ட் இருக்காது,
நூறு பேரு ஒரே நேரத்துல கை நீட்டுவாங்க.
அன்னிக்கு ஒருநாள் என் கல்லாவுல வந்து உக்காருங்க.
அப்புறம் போடுங்க நட்சத்திரம்."

ஐப்பசி வந்தது, பெய்தது.
இந்த வாரம் ஒரு மருந்துக்கடை மென்பொருள்,
அதற்கு முன் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று.
நட்சத்திரக் கட்டத்தில் விரல் நின்று நின்று நகர்கிறது,
ஆனாலும் நகர்கிறது.

குத்தாலம் இங்கிருந்து
பஸ்ஸில் அரை மணி நேரம்.
கார்த்திகையும் பாதி ஆயிற்று.
இன்னும் போகவில்லை.